ஸ்பொன்சர் படிவத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினால் போதுமா?

2025 ஓகஸ்ட் 9, களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவர் எழுதியது

தங்கைக்குக் கடந்த ஆனியில் எழுத்து, அதாவது விவாகப் பதிவு, முடிந்தது. தாலி கட்டுவது வருகிற தையில். மாப்பிள்ளை எங்கள் தாய்மாமன் மகன், கனடாவில் ஸ்காபுரோவில் இருக்கிறார். இரண்டு கிழமை லீவில் வந்து கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அவர் தங்கையை அங்கே அழைப்பதற்கான ஸ்பொன்சர் கோப்பை இப்போதே போட நினைக்கிறோம். இங்குள்ள ஏஜென்சிக்காரர் மூன்று விடயங்களை எழுத வேண்டாம் என்கிறார். ஒன்று, சொந்தத்துக்குள் திருமணம் என்பது. இரண்டு, தங்கை கட்டாரில் பதினான்கு மாதம் வீட்டுவேலை செய்தது; எழுதினால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றும் கேட்பார்களாம். மூன்று, தாலி இன்னும் கட்டவில்லை என்பது. கேட்டதற்கு மட்டும் பதில், மிச்சம் வாய் திறக்காதே என்பது அவருடைய வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

2025 ஓகஸ்ட் 9, இரவு

மாற்றுக் கருத்து இருக்கிறது தம்பி. பிரதேச செயலகம் ஒன்றின் பதிவுப் பிரிவில் இருபத்தேழு வருடம் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேடுகளோடு காலம் கழித்தவள் நான். ஓய்வு பெற்ற பின்னர் அதே சான்றிதழ்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கிறேன். அதற்கும் மேலாக, என் மகளையே இந்த வழியில் கனடாவுக்கு அனுப்பியவள். அவளுடைய கோப்பு ஒருமுறை இடறி விழுந்து எழுந்த கதையைப் பிறகு எழுதுகிறேன்.

கட்டாரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஏஜென்சிக்காரர் சொன்ன மூன்றில் ஆபத்தானது அதுதான். பதினெட்டு வயதுக்குப் பிறகான கடந்த பத்து ஆண்டுகளை இடைவெளி இல்லாமல், மாதக் கணக்கில், எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று நிரப்பச் சொல்லும் படிவம் ஒன்று அந்தப் படிவக் கட்டுக்குள் இருக்கிறது. வேலை இல்லாமல் வீட்டில் இருந்த ஆறு மாதத்தைக்கூட "வேலையின்றி வீட்டில் இருந்தேன்" என்று எழுதத்தான் வேண்டும். ஆகவே பதினான்கு மாதத்தை எழுதாமல் விடுவது "கேட்காததைச் சொல்லாமல் விடுவது" ஆகாது. கேட்டதற்கு அந்தப் பிள்ளை களுவாஞ்சிகுடியில் இருந்ததாகப் பொய் எழுதுவதாகும். கடவுச்சீட்டில் கட்டுநாயக்கா விமான நிலையத்தின் முத்திரை இருக்கிறது, கட்டாரில் கைவிரல் ரேகையும் கொடுத்திருப்பார். பிடிபட்டால் தவறான தகவல் கொடுத்தார் என்ற பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுகள் விண்ணப்பிக்கவே முடியாது.

கடந்த பத்து ஆண்டுகளுக்குள் ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்று கேட்பார்கள் என்பது உண்மை. வெளியேறி வந்த பிறகு கட்டாரிலிருந்து அதைப் பெறுவது இங்குள்ள பொலிஸ் நிலையத்தில் கேட்பதைப்போல் இலகுவாக இருக்காது. அலைச்சல்தான். ஆனால் அலைச்சலுக்குப் பயந்து ஐந்து வருடத்தைப் பணயம் வைக்கச் சொல்கிறவர், அந்த ஐந்து வருடத்தில் தங்கையின் பக்கத்தில் இருக்கப்போகிறவர் அல்லர்.

2025 ஓகஸ்ட் 10

நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். ஏஜென்சிக்காரர் எல்லோரையும் திட்டியதுபோல் இருக்கிறது. எனக்கு வேலை கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான் என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும். படிவம் நிரப்புவதில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் அவர்களுடையது அன்று.

2025 ஓகஸ்ட் 12

சொந்தத்துக்குள் திருமணம் பற்றி. தாய்மாமன் மகனைக் கட்டுவது இலங்கைச் சட்டத்தில் குற்றமில்லை, கனடாவிலும் தடையில்லை. அங்கே 1990 ஆம் ஆண்டுச் சட்டம் நேர்வழி உறவையும் சகோதர உறவையும் மட்டுமே விலக்குகிறது. இரத்த உறவு உண்டா என்று படிவம் நேராகவே கேட்கும்போது "இல்லை" என்று எழுதிவிட்டு, கோப்பிலுள்ள வேறு ஆவணங்கள் இருவரையும் ஒரே குடும்பமாகக் காட்டினால் அது யாருடைய கெட்டித்தனம்?

உண்மையில் சிக்கல் வருவது உறவை மறைப்பதால் மட்டுமன்று. அதைச் சொல்லும் சொல்லாலும் வருகிறது. நமக்கு மாமன் மகன் மச்சான், சின்னம்மா மகன் தம்பி. ஆங்கிலத்துக்கு இரண்டு பேரும் ஒருவரே. சென்ற வருடம் என்னிடம் வந்த ஒரு கோப்பில், பெண்ணின் சின்னம்மா மகன் ஆதரவுக் கடிதம் கொடுத்திருந்தார்: "எனது அக்காவின் திருமணத்துக்கு நான்தான் மாப்பிள்ளைத் தோழனாக நின்றேன்." குடும்ப விபரப் படிவத்திலோ அந்தப் பெண்ணுக்குச் சகோதரரே இல்லை. நான் அந்தக் கடிதத்தை அப்படியே பெயர்த்திருந்தால், இல்லாத தம்பி ஒருவர் கோப்புக்குள் முளைத்திருப்பார். "தாயின் தங்கையின் மகன்" என்று எழுதும்படி கடிதக்காரரிடம் கேட்டேன். அவருக்கு மனம் நொந்துவிட்டது. "நான் அக்காவுக்கு ஆரும் இல்லையா?" என்று கேட்டார்.

2025 ஓகஸ்ட் 13

மேலே சகோதரர் பட்டியல் பற்றிச் சொன்னபடியால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் படிவம் இறந்துபோன சகோதரரையும் கேட்கிறது. பெயர், பிறந்த திகதி, இறந்த இடம், இறந்த நாள். எங்கள் கரையில் இது வெறும் கட்டத்தை நிரப்பும் வேலையாக இருப்பதில்லை. நாவலடியிலும் காரைதீவிலும் 2004 டிசெம்பர் 26 இல் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார், உயிரோடு இருக்கிற மகளின் படிவத்தில் அந்தப் பெயரை எழுத மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். உடல் கிடைக்காதவர்களின் இறப்பைப் பதிவதற்கு 2005 இல் தனியாக ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தப் பதிவுகளில் நூற்றுக்கணக்கானவற்றை நானே எழுதினேன். என் தம்பியின் பெயர் வந்த நாளில் மட்டும் பேனையைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

எழுதத்தான் வேண்டும். வேறு ஆவணம் ஒன்றில் பிள்ளைகள் நால்வர் என்றிருக்க, இதில் மூவர் என்றிருந்தால் காரணம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது பட்டியலில் எழுதுவதைவிட வேதனையானது.

2025 ஓகஸ்ட் 17

இனி மூன்றாவது விடயம், எழுத்தும் தாலியும். இதில்தான் எங்கள் வீட்டுக் கோப்பு இடறியது.

மகளுக்கு 2016 நவம்பரில் கல்லடியில் எங்கள் வீட்டு மண்டபத்திலேயே எழுத்து நடந்தது. பதிவாளர் எனக்குத் தெரிந்தவர், கதிரை போட்டு உட்கார வைத்துத் தேநீரும் பயற்றம் பணியாரமும் கொடுத்தோம். மாப்பிள்ளை பத்து நாளில் திரும்பிப் போய்விட்டார். தாலி கட்டியது 2017 வைகாசியில், மாமாங்கேஸ்வரர் கோயிலில். எங்கள் சனத்துக்கு அந்த இரண்டாவது நாள்தான் கலியாணம். இடைப்பட்ட ஆறு மாதமும் மகள் "எழுத்து முடிந்த பிள்ளை". அந்த நிலைக்கு ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது, ஆனால் கோயில் வீதியில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

கோப்பு 2017 ஆடியில் போனது. 2018 மாசியில் அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, முப்பது நாளுக்குள் பதில் தரும்படி. மூன்று பொருத்தமின்மைகளைக் காட்டியிருந்தார். திருமணச் சான்றிதழில் நவம்பர், அழைப்பிதழில் மே. மாப்பிள்ளை 2017 சித்திரையில் கனடாவில் போட்ட 2016 ஆம் ஆண்டு வருமான வரிப் பத்திரத்தில் தன்னைத் "தனியாள்" என்று குறித்திருந்தார். அந்தப் பத்திரம் கேட்பதோ டிசெம்பர் 31 அன்று இருந்த நிலையை. மூன்றாவதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. மாப்பிள்ளையின் பெரியம்மா தமிழில் எழுதிய ஆதரவுக் கடிதத்தில் "2016 இல் நடந்த எழுத்துக்கு நாங்கள் போயிருந்தோம்" என்றிருந்ததை மொழிபெயர்ப்பாளர் நிச்சயதார்த்தம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் பெயர்த்திருந்தார். ஆக, அதிகாரியின் கண்ணுக்கு 2016 நவம்பரில் நடந்தது திருமணமா, நிச்சயதார்த்தமா என்பதே தெரியவில்லை.

அந்த மொழிபெயர்ப்பாளர் நான் இல்லை. குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பை அவர்கள் ஏற்க மாட்டார்கள். ஆகவே வேறு ஊரிலுள்ள ஒருவரிடம் கொடுத்தோம். அவர் பிழை செய்தார் என்பது உண்மை. ஆனால் கட்டு முழுவதும் என் கைக்கு வந்தபோது, நான் தொட்டால் தவறாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு ஒரு வரிகூட வாசிக்காமல் உறையில் போட்டேன். மொழிபெயர்க்கத்தான் தடை, வாசிக்கத் தடையில்லை. இன்றுவரை மகளிடம் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. இங்கே வாசிப்பாளோ தெரியாது.

பதில் எப்படிக் கொடுத்தோம்? மாப்பிள்ளை வரிப் பத்திரத்தைத் திருத்தி மீளச் சமர்ப்பித்தார். பெரியம்மாவின் கடிதத்தைப் புதிதாகப் பெயர்த்து, முதல் மொழிபெயர்ப்பில் இருந்த பிழையையும் மறைக்காமல் சுட்டினோம். மகள் ஒன்றரைப் பக்கத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுதினாள்: எங்கள் பகுதியில் சட்டப் பதிவு முதலிலும் சமயச் சடங்கு பிறகும் நடப்பது வழக்கம், பதிவு நாளிலிருந்து நாங்கள் சட்டப்படி கணவன் மனைவி, சடங்கு நாளிலிருந்துதான் ஒரே அறையில் வாழத் தொடங்கினோம். அந்த மூன்றாவது வாக்கியத்தை எழுத அவளுக்கு வெட்கம். தந்தைக்கு அதைவிட வெட்கம், வெளியே எழுந்து போய்விட்டார். ஆனியில் விசா வந்தது.

ஆகவே தம்பி, தாலி இன்னும் கட்டவில்லை என்பதைச் சொல்லுங்கள். தையில் கட்டப்போகிறோம் என்பதையும் சொல்லுங்கள். சட்டப்படி திருமண நாள் எழுத்து நாள்தான். மாப்பிள்ளை அடுத்த சித்திரையில் வரிப் பத்திரம் போடும்போது "மணமானவர்" என்று குறிக்க மறக்கக் கூடாது. இதை இன்றைக்கே அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

2025 ஓகஸ்ட் 18

சம்மாந்துறையிலிருந்து ஒரு சகோதரர் திருத்தியிருக்கிறார், நன்றி. "சட்டப்படி திருமண நாள் எழுத்து நாள்தான்" என்று நான் பொதுவாக எழுதியது பொது விவாகச் சட்டத்தின்கீழ் பதிவாகிறவர்களை மனத்தில் வைத்து. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் நிக்காஹ் செல்லாமற் போவதில்லை. காத்தான்குடியிலோ நிந்தவூரிலோ நிக்காஹ் ஒரு நாளிலும் பதிவு வேறொரு நாளிலும் நடந்திருந்தால் இரண்டையும் எழுதி, எது எது என்று விளக்குவதே பாதுகாப்பு.

அதோடு இன்னொன்று. 2015 ஜூன் 11 முதல், மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ பிரதிநிதி மூலமாகவோ நடந்த திருமணத்தைக் கனடாவின் குடிவரவு ஏற்பதில்லை. தொலைபேசியில் நிக்காஹ் முடித்துவிட்டுக் கோப்புப் போட்டு, மறுப்புக் கடிதத்தோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. மாப்பிள்ளை வந்து மீண்டும் நேரில் செய்ய வேண்டியதாயிற்று.

2025 ஓகஸ்ட் 24

படங்களைப் பற்றிக் கேட்டவருக்கு: இருநூறு படம் அனுப்ப வேண்டாம். மாப்பிள்ளையும் பெண்ணும் இதய வடிவப் பூவளையத்துக்குள் நிற்கும் படத்தைப் பார்த்து எந்த அதிகாரியும் உருகுவதில்லை. கூடியிருக்கும் உறவுகள் தெரிகிற படம், கீழே யார் யார் என்ற குறிப்பு, திகதி. இருபது போதும்.

ஆனால் படங்களில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மகளின் கோப்பில் கல்யாணத்துக்குப் பிந்திய படங்கள் எல்லாமே எங்கள் வீட்டில் எடுத்தவை. மாப்பிள்ளை வீட்டில் எடுத்தது ஒன்றே ஒன்று. மட்டக்களப்பாருக்கு இதில் வியப்பில்லை. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து புகுவார். வீடு பெண்ணுக்கு, அவள் பிறந்த நாளிலிருந்தே அவளுக்கென்று கல் சேர்க்கத் தொடங்குவோம். ஆனால் தென்னாசியா என்றாலே பெண் புகுந்த வீடு போவாள் என்று படித்து வைத்திருக்கும் ஒருவருக்கு, பெண் மாமியார் வீட்டு வாசலே மிதிக்கவில்லையே, அந்தக் குடும்பம் இந்தத் திருமணத்தை ஏற்கவில்லையோ என்று தோன்றலாம். விளக்கக் கடிதத்தில் இதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்குங்கள். என் மகளின் கடிதத்தில் நாங்கள் ஒதுக்கினோம். அது உதவியதா என்று சொல்ல வழியில்லை, கேடு செய்யவில்லை.

2025 செப்டெம்பர் 2

"கேட்டதற்கு மட்டும் பதில்" என்ற வாதத்துக்கு இரண்டு மூன்று பேர் ஆதரவாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது என்று நான் நினைத்ததும் உண்டு. ஒரு காலத்தில் அதே அறிவுரையை நானும் வாயால் சொல்லியிருக்கிறேன். அதன் விலையைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னர், பெற்றோரின் குடியேற்றக் கோப்பில், அவர்களில் தங்கிவாழும் பிள்ளையாகப் போகவிருந்த ஓர் இளைஞர் பதிவுப் பிரிவுக்கு வந்தார். அவருக்கு அதற்குள் எழுத்து முடிந்திருந்தது. பதிவின் பிரதியை எடுத்துக் கொடுத்ததே நான்தான். அங்கே போய்ச் சேரும்வரை மணமாகாதவர் என்றே இருக்கட்டும், போன பிறகு மனைவியை அழைக்கலாம் என்று வீட்டில் தீர்மானித்திருந்தார்கள். தங்கிவாழும் பிள்ளை என்றால் மணமாகியிருக்கக் கூடாது, வயதும் 19 க்குக் கீழ் இருக்க வேண்டும். அவர் என்னிடம் "இதைச் சொல்லாமல் விட்டால் என்ன அக்கா?" என்று கேட்டார். "கேட்டால் சொல்லுங்கோ" என்றேன்.

கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்த பின்னர் மனைவிக்குக் கோப்புப் போட்டபோது மறுத்துவிட்டார்கள். குடியேறும்போது அறிவிக்காமலும் பரிசோதனைக்கு உட்படுத்தாமலும் விட்ட துணைவரையோ பிள்ளையையோ பின்னர் குடும்ப வகுப்பில் அழைக்க முடியாது என்பது அவர்களுடைய குடிவரவு ஒழுங்குவிதி, 117 ஆம் பிரிவின் 9 (ஈ) என்று தமிழில் எழுதலாம். காலக்கெடு இல்லாத தடை. 2019 செப்டெம்பரில் இதற்குச் சலுகைத் திட்டம் ஒன்று வந்தது. அறிவித்திருந்தாலும் தகுதி கெட்டிருக்காது என்பவர்களுக்கே அது பொருந்தும். இவரோ மணமானதை அறிவித்திருந்தால் பிள்ளை என்ற தகுதியையே இழந்திருப்பார். அந்த மனைவி இன்னும் தன் சீதன வீட்டில்தான் இருக்கிறார். சந்தையில் கண்டால் நன்றாகத்தான் கதைப்பார். நான்தான் மீன் விலை கேட்கிற சாட்டில் திரும்பிக்கொள்வேன்.

2025 செப்டெம்பர் 3

திருத்தம். வயது எல்லையை 19 என்று எழுதியது பழைய நினைவில். 2014 ஓகஸ்டில் 19 க்குக் கீழ் என்று இறக்கியதை 2017 ஒக்டோபர் 24 இலிருந்து 22 க்குக் கீழ் என்று மீண்டும் உயர்த்திவிட்டார்கள். நான் சொன்ன இளைஞரின் காலம் இவை இரண்டுக்கும் முந்தியது. அப்போதும் எல்லை 22 தான், முழுநேரம் படிக்கிற பிள்ளைக்கு அதற்கு மேலும் இடமிருந்தது. திருத்திய அக்கரைப்பற்று ஆசிரியருக்கு நன்றி. முழுமையான விண்ணப்பம் அவர்கள் கையில் கிடைத்த நாளின் வயதையே கணக்கில் எடுப்பார்கள் என்பதையும் அவரே நினைவூட்டினார். கோப்பில் ஒரு கையெழுத்துக் குறைந்து திரும்பி வந்தால், அந்த நாள் பிந்திவிடும். இருபத்தொன்றரை வயதுப் பிள்ளையுள்ள வீட்டில் அது வெறும் தபால் தாமதமாக முடியாது.

2025 செப்டெம்பர் 15

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன், பலருக்கும் தேவைப்படும். பின்னணிப் படிவத்தில் ஆயுதக் குழுக்கள் பற்றிய கேள்வி இருக்கிறது. கிழக்கில் பதினைந்து வயதில் இழுத்துக்கொண்டு போகப்பட்டு மூன்று மாதத்தில் தப்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், ஏஜென்சிக்காரரும் சொல்லக் கூடாது. கனடாவின் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம், கோப்புப் போகும் முன்னரே, முழுவதையும் சொல்லுங்கள். நான் மற்ற இடங்களில் சொல்வதெல்லாம் இந்தக் கேள்விக்குப் போதாது.

2025 செப்டெம்பர் 21

காசு விபரம். துணைவர் ஒருவருக்கு 2024 ஏப்ரல் 30 இல் நிர்ணயித்தபடி ஸ்பொன்சர் கட்டணம் 85, பரிசீலனை 545, நிரந்தர வதிவிட உரிமை 575, மொத்தம் 1,205 கனேடிய டொலர். விரல் ரேகைக்கு 85 வேறாக. போடுகிற நாளில் கட்டணம் என்ன என்று அவர்களுடைய தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பொலிஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை, மொழிபெயர்ப்பு, கொழும்புக்கு மீனகயா ரயிலில் போய் வருகிற செலவு எல்லாம் தனி.

துணைவரை அழைக்கப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை இல்லை என்பது கனடாவின் நல்ல பக்கம். சமூக உதவிப் பணத்தில் வாழ்பவராக இருக்கக் கூடாது, அங்கவீனத்துக்காகப் பெறுவது வேறு. பிரித்தானியாவில் 18,600 பவுணாக இருந்த எல்லையை 2024 ஏப்ரல் 11 இலிருந்து 29,000 ஆக்கிவிட்டார்கள். லண்டனில் கடையில் நிற்கும் பிள்ளைகள் பலர் அந்த ஒரு எண்ணால் மனைவியை ஊரில் விட்டிருக்கிறார்கள்.

கனடாவில் ஸ்பொன்சர் செய்பவர் துணைவருக்கு மூன்று ஆண்டுகள் பொறுப்பேற்கிறார். குடும்பம் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு நிற்காது. அழைக்கப்பட்டவர், நிரந்தர வதிவிடம் பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகும்வரை வேறொரு துணைவரை அழைக்க முடியாது. 2012 முதல் 2017 வரை, இரண்டு ஆண்டு சேர்ந்து வாழாவிட்டால் வதிவிட உரிமையே போகும் என்ற நிபந்தனை புதிய தம்பதிகள் பலருக்கு இருந்தது. அது எடுபட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லிப் பெண்களை மிரட்டுகிறவர்கள் இருப்பதால் எழுதுகிறேன். அடி வாங்கிக்கொண்டு இரண்டு வருடம் எண்ண வேண்டியதில்லை என்று உங்கள் தங்கைமாருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

2025 ஒக்டோபர் 5

பெற்றோரை அழைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது அதிர்ஷ்டச் சீட்டு. 2020 ஒக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை பெயர் பதிந்தவர்களின் பட்டியலிலிருந்தே ஆண்டாண்டாக எடுக்கிறார்கள்; இந்த ஜூலை இறுதியில் தொடங்கி 17,860 அழைப்பு அனுப்பியதும் அதே பழைய பட்டியலுக்குத்தான். அப்போது பதியாதவருக்கு இதுவரை வாசல் திறக்கவில்லை. மூன்று ஆண்டு வருமானம் காட்ட வேண்டும், இருபது ஆண்டு பொறுப்பேற்க வேண்டும். என்னை இருபது ஆண்டுக்குப் பொறுப்பேற்றால் எனக்கு எண்பத்தைந்து முடிந்திருக்கும். மருமகன் பாவம்.

மகள் 2018 இல் போனவள், 2020 இல் பெயர் பதியவில்லை. கைக்குழந்தை, தொற்றுக்காலம், மறந்துவிட்டாள். அதற்காக அவள் அழுதபோது, எனக்கு உள்ளூர ஓர் ஆறுதல் இருந்ததை அவளிடம் காட்டவில்லை. இப்போது சுப்பர் விசாவில், அதாவது பெற்றோருக்கான நீண்டகால வருகை விசாவில், வரச் சொல்கிறாள். 2022 ஜூலை 4 இலிருந்து ஒரே தடவையில் ஐந்து ஆண்டு தங்கலாம், குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். ஐந்து ஆண்டு என்றதும் வளவிலுள்ள தென்னையைத்தான் நினைத்தேன்.

எங்கள் வழக்கப்படி மகளுக்குத் தாலி ஏறிய கிழமையே நாங்கள் இருவரும் முன்வீட்டை விட்டுப் பின்வளவுச் சிறுவீட்டுக்கு மாறிவிட்டோம். முன்வீடு அவளுடையது, காணி உறுதியும் அவள் பெயரில். அவள் அதில் குடியிருந்தது விசா வரும்வரை, அதற்குப் பிறகு பூட்டு. வெள்ளிக்கிழமைகளில் திறந்து கூட்டி விளக்கேற்றிவிட்டு மீண்டும் பூட்டுகிறேன். இரண்டு பேருக்குச் சிறுவீடு ஒடுக்கம்தான். முன்வீட்டில் படுங்கள் அம்மா என்று அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். கொடுத்த வீட்டில் எப்படிப் படுப்பது?

விடயத்தை விட்டுப் போகிறேன். கேட்டவருக்குப் பதில்: சுப்பர் விசாவுக்கும் பிள்ளையின் வருமானச் சான்று வேண்டும், உங்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

2025 நவம்பர் 8

களுவாஞ்சிகுடித் தம்பி திரும்பி வந்திருக்கிறார். கட்டாரிலிருந்து பொலிஸ் சான்று பத்துக் கிழமையில் கிடைத்துவிட்டதாம். ஏஜென்சிக்காரரை விட்டுவிட்டுத் தங்கையும் அவருமே படிவம் நிரப்புகிறார்கள். விளக்கக் கடிதத்தின் வரைவை எனக்கு அனுப்பியிருந்தார், இரண்டு பக்கம், நன்றாக இருக்கிறது. ஓர் இடம் மட்டும் சரியில்லை. "எனது தங்கை வறுமை காரணமாக வெளிநாடு சென்று கஷ்டப்பட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை எழுதுபவர் தங்கை. "எனது தங்கை" என்று தொடங்கினால் எழுதியது யார் என்ற கேள்வி வரும். வறுமை, கஷ்டம் இரண்டையும் எடுத்துவிடுங்கள். "2021 பங்குனி முதல் 2022 வைகாசி வரை கட்டாரில் வீட்டுப் பணியாளராக வேலை செய்தேன், சான்று இணைக்கப்பட்டுள்ளது" என்பது போதும். பங்குனியையும் வைகாசியையும் மொழிபெயர்ப்பாளர் ஆங்கில மாதமாக்கும்போது கடவுச்சீட்டு முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தாய்மாமன் மகன் என்பதை நீங்கள் எழுதியபடியே விடலாம்.

எழுத்து என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள், அது விவாகப் பதிவு என்று.